அம்மாளுக்குக் கொடுத்த வெள்ளி நாக்கு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. மற்ற மூன்றும் என் அண்ணையின் பிள்ளைகள். தங்கச்சியையும் சேர்த்து ஒன்பது என்று சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் அவளைச் சேர்ப்பதில்லை. அவள் என்னிலும் ஒன்றரை வயதுதான் இளமை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பானையில் சாப்பிடுகிறோம். அதற்காக அவளை என் பிள்ளை என்று சொல்லி அவளுடைய வயதைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை.

நான் படித்தது கொஞ்சம். எண்ணிப் பார்த்தால் இரண்டு வருடமும் சில மாதங்களும். எழுதும்போது கொம்பும் அரவும் இடம் மாறி விழும். பேத்தி பக்கத்தில் இருந்து திருத்துகிறாள். எழுத்தைத் திருத்து, சொல்லைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வருடம் நிறைகிறதாம். நூற்றாண்டு மலர் என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். பழைய மாணவர்கள் தங்கள் இனிய நினைவுகளை எழுதித் தரவேண்டும் என்று கடிதம் வந்தது. என்னோடு அரிவரி வகுப்பில் இருந்தவர்களில் இப்போது நாலைந்து பேர்தான் மிச்சம். ஒருத்தி கனடாவில் மகளோடு இருக்கிறாள். ஒருத்தி இரண்டு தெரு தள்ளிப் படுக்கையில் கிடக்கிறாள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அன்று வகுப்பில் நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். கோபத்தில் எழுதவில்லை. ஆறு வயதில் சிரிக்காமல் வேறு எப்போது சிரிக்கிறது.

அப்போது பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். சுவர் இடுப்பளவுக்குத்தான். அதற்கு மேலே காற்று, காற்றுக்கு மேலே ஓலைக் கூரை. மூன்று வகுப்பு ஒரே நேரத்தில் பாடும். ஒரு தலைப்பில் வாய்ப்பாடு, மறு தலைப்பில் தேவாரம், நடுவில் அரிவரிப் பிள்ளைகள் அ, ஆ. வெளியே கருவாடு காயும். சோளகக் காற்று எழும்பினால் அந்த மணமும் மணலும் சேர்ந்து சிலேட்டில் வந்து படியும். எழுதினால் கல்லுப் பென்சில் கிறீச்சென்று பல் கூச வைக்கும். எங்களுக்குக் கூசும். தங்கச்சிக்குக் கூசாது. அதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

தங்கச்சி கதைக்கவில்லை. மூன்று வயதிலும் கதைக்கவில்லை, ஆறு வயதிலும் கதைக்கவில்லை. வீட்டில் எல்லாரும் அவளுடைய நாக்கைத்தான் பார்த்தார்கள். ஊர்ப் பரியாரியார் வந்து, இரண்டு விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்து, “நாக்கு தடிப்பு. தானாய் இளகும்” என்று சொன்னார். அம்மா வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து, நாள்தோறும் விடிய அவள் நாக்கில் தேய்த்தாள். நானும் ஒருநாள் களவாக நக்கிப் பார்த்தேன். “ஐயோ, இவளுக்கு ஏன் பூசினனீங்கள். இருக்கிற கதையே காணும்” என்று அண்ணை பகிடி பண்ணினார்.

காதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அப்பா நங்கூரத்தை முற்றத்தில் போட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். இடி முழங்கினால் அம்மாவின் சீலையைப் பிடிப்பாள். நிலம் அதிர்ந்தது அவளுக்குத் தெரிந்தது. கேட்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் காலால் நிலத்தில் உதைப்பேன், இல்லாவிட்டால் ஒரு சிப்பியை எடுத்து எறிவேன். தங்கச்சிகளைக் கூப்பிடுகிற வழக்கமே அதுதான் என்று இருந்தேன்.

அம்மா கோவிலில் அம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளை கதைத்தால் பங்குனித் திங்களில் பொங்கி, வெள்ளியில் ஒரு நாக்குச் செய்து போடுவேன் என்று. கண் வருத்தத்துக்கு வெள்ளிக் கண், கால் வருத்தத்துக்கு வெள்ளிக் கால் போடுவது எங்களிடம் உள்ள வழக்கம். அன்று யாராவது அம்மாவிடம் வெள்ளிக் காது ஒன்று போடச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்ட ஆள். தலையில் நல்லெண்ணெய் வழிய வழிய வைத்து இழுத்துப் பின்னியிருந்தாள். பெரிய வாத்தியார் கண்ணாடிக்கு மேலால் தங்கச்சியைப் பார்த்தார்.

“உன்ரை பேர் என்ன, பிள்ளை?”

தங்கச்சி அவருடைய மேசையில் இருந்த பித்தளை மணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையோ?”

“அவள் கதைக்கக் கொஞ்சம் பிந்துது, ஐயா” என்றாள் அம்மா. “மற்றப் பிள்ளையளோடை இருந்தால் வந்திடும்.”

“கதைக்கத் தொடங்கினாப் போலை கொண்டு வாங்கோ. இது கதைக்கப் பழக்கிற இடமில்லை.”

“வீட்டிலை வைச்சிருந்தா ஆரோடை கதைக்கிறது, ஐயா? இவர் கடலிலை, நான் சந்தையிலை. ஆடு ரெண்டு நிக்குது. அதுகளோடையோ?”

பெரிய வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார்: “சரி. மூத்தவள் அரிவரியிலை அவளுக்குப் பக்கத்திலை இருக்கட்டும். கரைச்சல் எண்டால் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போயிடவேணும்.”

இப்படித்தான் இரண்டாம் வகுப்பில் இருந்து என்னை அரிவரிக்கு இறக்கினார்கள். மானக்கேடு தாங்காமல் மூன்று நாள் வீட்டில் ஒருவரோடும் கதைக்கவில்லை. “இப்ப ரெண்டு ஊமை” என்றார் அண்ணை.

அரிவரிக்கு ஒரு சின்ன ரீச்சர் இருந்தா. கரவெட்டியில் இருந்து பஸ்ஸில் வருவா. குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டுத்தான் எங்களைப் பார்ப்பா. நல்ல மனிசி, அடிக்க மாட்டா. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர், அந்த இரைச்சலுக்குள். புத்தகமும் இரண்டு பேருக்கு ஒன்று. வாசிக்கிற முறை வந்தால், “ரெண்டு பேரும் எழும்பிச் சேர்ந்து வாசியுங்கோ” என்று சொல்லுவா.

அங்கேதான் என் கெட்டித்தனம் வேலை செய்தது. எழும்பி நின்றதும் என் கால் பெருவிரலைத் தங்கச்சியின் கால் மேல் வைப்பேன். அமத்தினால் வாயைத் திற, விட்டால் மூடு. இரண்டு கிழமையில் பழகிவிட்டாள். நான் வாசிக்க வாசிக்க அவள் வாய் அசையும். என் குரலையே கொஞ்சம் மாற்றி, இடைக்கிடை மெல்லிசாக்குவேன், இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். ரீச்சர் தலையாட்டுவா. எனக்கு அது ஒரு விளையாட்டு. வகுப்பில் இறங்கி இருந்ததற்கு எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசு.

ஆனால் எழுத்தில் ஏமாற்று இல்லை. அது முழுக்க அவளுடையது. கரும்பலகையில் ரீச்சர் எழுதுவதை ஒரு தரம் பார்த்தால் போதும், அப்படியே இறக்குவாள். ‘ழ’வின் வாலை அவள் வளைத்து முடிக்கிற வடிவு எனக்கு இன்றும் வராது.

எழுத்து இருக்கிறதே தவிர, அது எதைச் சொல்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அதை ஒருநாள் பின்னேரம் கடற்கரையில் கண்டேன். மணலில் ‘மீன்’ என்று எழுதி, ஒரு சூடை மீனை எடுத்து அதன் மேல் வைத்தேன். சும்மாதான் வைத்தேன். அவள் எழுத்தைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், மீனைத் தூக்கிவிட்டுத் திரும்பவும் எழுத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வலையைத் தொட்டாள், எழுது என்று மணலைக் காட்டினாள். எழுதினேன். வள்ளம், நண்டு, உப்பு, கயிறு. இருட்டும் மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வந்து பானை, அடுப்பு, ஆடு. பெயர்கள் மேல் அப்படி ஒரு பசி அவளுக்கு. நங்கூரம் எப்படி எழுதுவதென்று எனக்கே தெரியாது. தெரியாது என்று அவளுக்குச் சொல்லவும் வழி தெரியாது. கோபத்தில் என் கையில் கடித்தாள்.

ஒருநாள் கன்னத்தை ஊதிக் காட்டி, தலைமயிரைப் பறக்கவிட்டுக் காட்டி, மணலைத் தட்டினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் ‘காற்று’ என்று எழுதினேன். தொட்டுக் காட்ட முடியாத ஒன்றுக்கு அவள் படித்த முதல் சொல் அது. அதற்குப் பிறகு அப்படி ஒன்று அவள் படிக்கவில்லை.

மாசி முடிகிற நேரம் சின்ன ரீச்சர் சந்தையில் அம்மாவைக் கண்டு, “உங்கடை சின்னவளும் இப்ப தமக்கையோடை சேர்ந்து வாசிக்கிறாள்” என்று சொல்லியிருக்கிறா. அம்மா மீன் கடகத்தை அங்கேயே ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். அவள் கையில் செதில் ஒட்டியிருந்தது. என் இரண்டு தோளையும் பிடித்துக் கேட்டாள்.

“உண்மையாய் வாசிக்கிறாளோ?”

அம்மாவின் முகத்தை அதற்கு முதல் நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

“ஓம், அம்மா.”

அவ்வளவுதான் சொன்னேன்.

தங்கச்சி பிறந்த முப்பத்தோராம் நாள் இடுப்பில் கட்டிய வெள்ளி அரைஞாண் ஒன்று இருந்தது. அதை உருக்கித் தட்டார் நாக்குச் செய்தார். வேப்பிலை அளவு, நடுவில் ஒரு கோடு. பங்குனித் திங்களில் அம்மாள் கோவில் வெளியில் பத்துப் பதினைந்து பானை பொங்கினது. எங்கள் பானையைச் சுற்றித்தான் சனம். புகையில் எல்லாருக்கும் கண்ணீர். ஒரு மனிசி தன் மருமகளுக்குக் கேட்கக்கூடியதாகச் சொன்னா: “நாக்கைக் குடுத்தாப் பேச்சு வருமெண்டால், எங்கடை வீட்டிலை ஒருத்தியின்ரை நாக்கைத் திருப்பி எடுக்க என்ன நேர்த்தி வைக்கிறது?” மருமகள் விடவில்லை. “அதுக்கு வெள்ளி காணாது மாமி, இரும்பு வேணும். உங்கடையிலையே தொடங்குவம்” என்றா. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஒருத்தி தங்கச்சியின் நாடியைப் பிடித்து, “ஒரு சொல்லுச் சொல்லு, மோனை” என்றா. எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அம்மா கையில் தட்டோடு நின்றாள். தட்டில் நாக்கு. கால் பெருவிரலால் தங்கச்சியின் காலை அமத்தினேன், வழமையைவிடப் பலமாக. அவள் வாயைத் திறந்தாள். நொந்ததோ என்னவோ, “மா” என்று ஒரு சத்தம் வந்தது. “அம்மா எண்டு சொல்லுறாள்” என்று ஒருத்தி அழுதா. மற்றவர்களும் அழுதார்கள். அம்மா அழவில்லை. நாக்கைக் கொண்டுபோய் ஐயரிடம் கொடுத்தாள்.

சித்திரை பிறந்ததும் அப்பா முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடி வாடிக்குப் போய்விட்டார். சோளகம் முடிந்துதான் இனி வருவார். ஆனி மாதம் ஒருநாள் பின்னேரம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு வித்தியாதரிசி வாறார். சின்னவள் வரத் தேவையில்லை எண்டு அம்மாட்டைச் சொல்லு.”

பள்ளிக்கூடத்தைப் பார்த்து மதிப்பெழுதுகிற அதிகாரிக்கு அப்போது வித்தியாதரிசி என்று பெயர். அவர் வருகிற நாளில் கால் இழுத்து நடக்கிற பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை, மூன்று வருடமாக ஒரே வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் வருடாவருடம் இப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். தாய் தகப்பன்மாரும் கேட்பதில்லை. அது ஒரு லீவு நாள் மாதிரி.

எங்கள் அம்மா மட்டும் கேட்டாள்.

“அம்மாள் வாசல்லை வாய் துறந்த பிள்ளையை ஒளிச்சு வைக்கச் சொல்லுறாரோ? ஏன், அவளுக்கு என்ன குறை?”

அடுத்த நாள் எங்கள் இரண்டு பேருக்கும் தீபாவளிச் சட்டையைப் போட்டு அனுப்பினாள்.

பெரிய வாத்தியார் எங்களைக் கண்டதும் தங்கச்சியைக் கொண்டுபோய்க் கடைசி வாங்குப் பலகையில், தூணுக்குப் பின்னால் இருத்தினார். என்னை முன்னுக்கு. வித்தியாதரிசி மொத்தமான மனிதர். கறுத்தக் கோட்டு, கையில் வேர்வை துடைத்து நனைந்த லேஞ்சி. ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துக்கொண்டு போனவர் கடைசியில் நின்றுவிட்டார்.

“இது ஆற்றை எழுத்து? எழும்பு பிள்ளை. நீ எழுதினதை வாசி.”

அவர் கையை உயர்த்திக் காட்டத் தங்கச்சி எழும்பினாள். பழக்கத்தில் நானும் எழும்பினேன்.

“நீ இரு” என்றார் அவர் என்னைப் பார்த்து.

அவள் என்னைப் பார்த்தாள். என் கால் எட்டாத தூரம். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தெரியாமல், வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். சத்தம் இல்லை. கரையில் போட்ட மீன் மாதிரி இருந்தது. அப்போதுதான் நீங்கள் சிரித்தீர்கள். எல்லாரும் சிரிப்பதைக் கண்டு அவளும் சிரித்தாள்.

வித்தியாதரிசி சிரிக்கவில்லை. கோட்டுப் பைக்குள் இருந்து பூட்டுத் திறப்புகளின் கோர்வையை எடுத்து, அவளுக்குப் பின்னால் போய், காதுக்குக் கிட்ட வைத்துக் குலுக்கினார். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அவள் தன் சிலேட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் குந்தி இருந்து அவள் சிலேட்டில் ‘மீன்’ என்று எழுதினார். அவள் பக்கத்தில் ஒரு மீன் கீறினாள். ‘வள்ளம்’ எழுதினார். வள்ளம் கீறினாள். ‘காற்று’ என்று எழுதினார். அவள் கன்னத்தை ஊதி அவருடைய முகத்திலேயே ஊதினாள்.

அவர் எழும்பப் பிந்தியது. “இந்தப் பிள்ளைக்குப் புத்தியிலை ஒரு குறையும் இல்லை” என்றார். “காதுதான் கேக்கேல்லை. ஆர் இதைப் படிப்பிச்சது?”

சின்ன ரீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் கை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மற்றதும் வெளியே வந்திருக்கும்.

“இப்பிடியான பிள்ளையளுக்கு எண்டே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு” என்று அவர் பெரிய வாத்தியாருக்குச் சொன்னார். “கையாலையும், வாயைப் பாத்தும் படிப்பிப்பினம். தங்கிப் படிக்க வேணும். ஆவணியிலை ஒரு இடம் இருக்கு, நான் எழுதிக் குடுக்கிறன். அதுவரைக்கும் இவளை முன் வாங்கிலை இருத்துங்கோ. ரீச்சரின்ரை முகம் தெரியவேணும்.”

“ஓம் சேர்” என்றார் பெரிய வாத்தியார்.

மூன்றாம் நாள் அவர் ஒரு படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. அம்மா அவர் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஐயா, அம்மாளுக்கு நாக்குக் குடுத்தாச்சு. ஊர் முழுக்கப் பொங்கல் திண்டிட்டுப் போயிருக்கு. இப்ப கொண்டுபோய் ஊமைப் பள்ளிக்கூடத்திலை விட்டால், அம்மாள் பொய்யோ, நான் பொய்யோ எண்டு சனம் கேக்கும். என்ன சொல்லுறது?”

“சனம் சொல்லுறதைப் பாத்தால் பிள்ளையின்ரை படிப்பு?”

“அவள் உங்கடை பள்ளிக்கூடத்திலையே படிக்கட்டும். முன் வாங்கிலை இருத்தச் சொன்னவராமே.”

“செவிட்டுப் பிள்ளை எண்டு தெரிஞ்சாப் பிறகு நான் வைச்சிருக்க ஏலாது. ஒண்டில் அங்கை அனுப்புங்கோ, இல்லாட்டி வீட்டிலை வைச்சிருங்கோ.”

“அப்ப வீட்டிலை இருக்கட்டும்” என்றாள் அம்மா.

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். பாரம் இறங்கிய ஆளைப் போல வேகமாக நடந்து போனார்.

அன்று பின்னேரம் அம்மா கிணற்றடியில் சுறா துப்புரவு பண்ணிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“அம்மா, அவள் ஒரு நாளும் வாசிக்கேல்லை. நான்தான் வாசிச்சனான்.”

கத்தி நிற்கவில்லை.

“தெரியும்.”

“எப்ப தொட்டு?”

“பொங்கல் அண்டைக்கு. ‘மா’ எண்டு கத்தேக்கை அவள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. உன்னைப் பாத்தவள்.” குடலை வழித்துக் காகத்துக்கு எறிந்தாள். “அதுக்குள்ளை நாக்குத் தட்டிலை இருந்தது. சனம் சுத்தி நிண்டது. இனி உந்தக் கதையை ஆரிட்டையும் சொல்லாதை.”

தெரிந்துகொண்டுதான் தீபாவளிச் சட்டை போட்டு அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கும் எப்படியாவது நான் சமாளித்துவிடுவேன் என்று நம்பினாளோ, அம்மாளை நம்பினாளோ, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் சொல்புத்தி கேட்கிற பிள்ளை. இன்று வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. என் புருஷனுக்கும் சொல்லவில்லை. அம்மாவை மட்டும் குற்றம் சொல்லி இதை நீங்கள் வாசிக்கக் கூடாது. ‘ஓம்’ என்று சொன்னவள் நான்.

ஆவணியில் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. ஐப்பசியில் அப்பா வாடியில் இருந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டு, “பொம்பிளைப் பிள்ளைதானே” என்று சொல்லிவிட்டு வலையை விரித்தார். என்னையும் அந்த ஆனியோடேயே நிற்பாட்டியிருந்தார்கள். அம்மா சந்தைக்குப் போனால் தங்கச்சியோடு யார் நிற்பது.

பெரியவர்கள் எல்லாரும் கதைத்து முடித்தார்கள். தங்கச்சிக்கு ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவளிடம் இருந்தது மீன், வலை, ஆடு, உப்பு. ‘ஏன்’ என்பதற்கு எந்தப் பொருளைத் தொட்டுக் காட்டுவது?

அவள் தினமும் விடிய எழும்பினாள். தானே குளித்தாள், தலை இழுத்தாள், சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசல் படலையில் போய் நின்றாள். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வரவேண்டும். முதல் கிழமை எதிர்க்காமல் வந்தாள். பிறகு அடித்தாள், கடித்தாள். பிறகு ஒருநாள் சிலேட்டின் இரண்டு பக்கமும் தனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி என் முன்னால் நீட்டினாள். ஏதோ பிழை விட்டதால்தான் தன்னை விடவில்லை என்று நினைத்திருக்கிறாள். நான் வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளை உள்ளே இழுத்தேன். கார்த்திகை மழை தொடங்கும் மட்டும் படலையில் நின்றாள். மழைக்குப் பிறகு நிற்கவில்லை.

அந்தச் சிலேட்டு கனகாலம் எங்களோடு இருந்தது. பிறகு ஒரு இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. அவளும் நானும் எல்லா இடப்பெயர்விலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினோம். அந்தக் கதை வேறு.

போன மாதம் பேத்தி என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள், மலருக்குப் பழைய இடாப்பில் என் பெயரைப் பார்க்க. இப்போது மாடிக் கட்டடம். வாசலில் சக்கர நாற்காலிக்கென்று ஒரு சாய்வுப் பாதை கட்டியிருக்கிறார்கள். அதில் வரிசையாகப் பூச்சட்டி வைத்திருக்கிறார்கள். பின்னால், மேசை கதிரைத் தளபாடம் அடுக்குகிற அறைக்குப் பக்கத்தில், ‘விசேட கல்வி அலகு’ என்று எழுதிய ஒரு அறை. எட்டுப் பிள்ளைகள், ஒரு இளம் ரீச்சர். ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு இருந்தது. ஒன்று என் சீலைக் கரையைப் பிடித்துப் பார்த்தது. அந்த ரீச்சரின் முகத்தில் நித்திரை இல்லாத களைப்பு.

“நாளைக்கு இவைக்கு லீவு, அம்மம்மா” என்றா. “மதிப்பீட்டுக்கு ஆக்கள் வருகினம்.”

“ஏன், இவையை அவை பாக்கக் கூடாதோ?”

அவ கதவைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தா. “சாதாரண வகுப்பிலை மற்றப் பிள்ளையளோடை இருத்திப் படிப்பிக்க வேணுமெண்டுதான் கடிதங்களிலை இருக்கு. நானும் ஒவ்வொரு வகுப்பாய்ப் போய்க் கேட்டனான். பெறுபேறு குறையுமெண்டு ஒருத்தரும் எடுக்கினம் இல்லை. நான் என்ன செய்ய?”

பெரிய வாத்தியார் செத்து நாற்பது வருடம் இருக்கும்.

கந்தோரில் பழைய இடாப்பை எடுத்துத் தந்தார்கள். தாள் பழுத்து, தொட்டால் உதிர்கிற மாதிரி. என் பெயர் இருந்தது, அப்பாவின் பெயர் இருந்தது, கடைசியில் ‘விலகல்’ என்று சிவப்பு மையில் இருந்தது. தங்கச்சியின் பெயர் இல்லை. பேத்தியைக் கொண்டு இரண்டு தரம் பார்ப்பித்தேன். முன் பக்கம் பின் பக்கம் எல்லாம். இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. இடாப்புக் கூப்பிடும்போது ஒரு நாளும் அவள் பெயரைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டாள் என்றுதான் விடுகிறார்கள் என்று நான் இருந்தேன். தையில் இருந்து ஆனி வரை என் பக்கத்தில் வாங்கில் இருந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

மலரின் பெயர்ப் பட்டியலில் அவளையும் போடச் சொன்னேன். கந்தோர் லிகிதர் நல்ல மரியாதையான பொடியன். “இடாப்பிலை இல்லாதவையைப் போட ஏலாது, அம்மா. படிச்சதுக்கு ஏதும் ஆதாரம் வேணும்” என்றான்.

“ஆதாரம் வீட்டிலை இருக்கு, தம்பி. வெங்காயம் உரிச்சுக்கொண்டு.”

பேத்தி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இடாப்பை மூடி அலுமாரிக்குள் வைத்தான்.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேண்டாமென்று விட்டவர்களுக்கு என் கையால் எழுதிக் கொடுக்க மாட்டேன். என் பெயரையும் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். சேர்ந்து போனவர்கள் நாங்கள்.

இதை எழுதுகிற நாளெல்லாம் அவள் எனக்கு எதிரே வந்து இருக்கிறாள். பென்சில் போகிற இடத்தையே பார்க்கிறாள். நடுவில் கையை நீட்டி ஒரு சொல்லைத் தொடுவாள். மீன். பிறகு நாலு வரி தாண்டி, உப்பு. நேற்றுக் ‘காற்று’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து, கன்னத்தை ஊதி எனக்குக் காட்டினாள். மற்றச் சொற்கள் எல்லாவற்றையும் விரலால் தாண்டிப் போகிறாள். தான் அந்தப் படலையில் நின்ற காலம்தான் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான்தான் அன்று தன்னைப் போகவிடவில்லை என்று அவள் நினைத்திருந்தால், அதைத் திருத்தவும் என்னிடம் வழி இல்லை.

எழுதி முடிந்தது, பிள்ளை. இனி நீ திருத்தினதைத் திருப்பி வாசி. எனக்குப் பக்கத்தில் வேண்டாம், அவளுக்கு எதிரே போய் இரு. முகத்தைத் தாளுக்குள் வைத்துக்கொள்ளாதே, உன் வாய் அவளுக்குத் தெரியவேண்டும். ஆறுதலாய் வாசி. அவளுக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் உன்னைப் பார்ப்பாள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பாள். அப்போது நிறுத்திவிடாதே. கடைசி வரை வாசி.